தானாக இறங்கிய பக்கெட்

மண்ணை வாரி உயர்த்தி நிறுத்திய பக்கெட், லீவரை யாரும் தொடாதபோதும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் கவனித்தவர் என் கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்று அழைப்பேன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே அப்போது காலி மனையாக இருந்த இடத்தில், முன்புறம் இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் நுனியில் பெரிய பக்கெட்டும் பொருத்திய எங்கள் டிராக்டர் நின்றிருந்தது. லாரி வரத் தாமதமானதால் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பக்கெட்டில் ஈரச் சவுடு மண் குவிந்திருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அண்ணி, கையை நிறுத்தாமலேயே என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, இங்க வா. அந்த பக்கெட்டு வெளிம்பு அந்தாண்ட வூட்டு ஜன்னலுக்கு நேரா இருந்திச்சி. இப்போ பாரு, மதில் சுவருகிட்ட வந்துகினு கீது."

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அசைவதாகத் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"கடியாரத்துல சின்ன முள்ளு ஓடறது கண்ணுக்குத் தெரியுதா? ஆனா மணி ஆவுது இல்ல?" என்றார்.

நான் அவர் உரித்து வைத்த காய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தபோது பக்கெட் உண்மையிலேயே மதிலின் உயரத்துக்கு வந்திருந்தது. அண்ணி எழுந்து போய், டிரைவர் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் போகாதபடி தெருவில் நின்றுகொண்டார்.

அந்த டிராக்டர் அவருக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்த நினைவைத் தொடர முடியாது. என் கணவரின் குடும்பத்தார் அந்தப் பகுதியின் பழைய விவசாயிகள். எண்பதுகளில் நெல் விளைந்த நிலம் கல் நட்ட மனைகளாக மாறியது. வாங்கியவர்கள் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். என் பெற்றோரைப் போன்றவர்கள். உழுவதற்கு வயல் இல்லாமல் டிராக்டர் கொட்டகையில் நின்றபோது, அதை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணி மட்டும் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். விற்ற மனைகளில் பாதி பள்ளம். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் மண் கொட்டி மேடாக்கித்தான் ஆகவேண்டும். வண்டியின் முன்னால் பக்கெட் பொருத்தினால் வேலைக்குப் பஞ்சமிருக்காது. திருமணமான சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் அவர். அடுப்படியும் கோயிலுமாக அவருடைய நாள்கள் கழியும் என்று குடும்பம் முடிவு கட்டியிருந்தது. பக்கெட் வந்த பிறகு, காலையில் வாசலுக்கு வருகிற மேஸ்திரிகள் "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அவருடைய நடையையே மாற்றியிருந்தது.

ஆனால் வண்டியின் காகிதங்கள் அண்ணிக்கும் என் கணவருக்கும் மூத்தவரான பெரிய அண்ணன் பெயரில் இருந்தன. அடுத்த தெருவில் குடியிருந்த அவர் கெட்டவர் அல்லர், எச்சரிக்கையானவர். செய்தி அவர் காதுக்குப் போனதும் வந்து நின்றார்.

"தலைக்கு மேல மண்ணு தூக்கற வண்டிம்மா. நாளைக்கி எவன் மேலயாவது எறங்கிச்சின்னா இன்னா பதில் சொல்லுவே? அந்த டிரைவரு லோடு ஓவரா ஏத்தி ஏத்தியே கெடுத்து வெச்சிட்டான்."

"அவரு ஏத்தலண்ணா. நான் தெனம் பாக்கறேன்."

"எவன் ஏத்தினா இன்னா? ஆயுத பூஜைக்குள்ள சரியாவலன்னா வித்துடலாம். செங்கல்பட்டு ஆளு ஒருத்தரு கேட்டுகினே இருக்காரு. பூஜை முடிஞ்சதும் வரச் சொல்றேன்."

அண்ணன் போன பிறகு அண்ணி என்னிடம் சாக்பீஸ் கேட்டார். பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கு வீட்டில் பஞ்சமில்லாமல் இருந்த பொருள் அது ஒன்றுதான்.

மறுநாள் பம்மலிலிருந்து மெக்கானிக் வந்தார். லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் ஹைட்ராலிக் வேலை செய்பவர்; கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"இன்னாக்கா, பக்கெட்டு தானா குனியுதாமே! பக்தி முத்திப்போச்சா?"

வண்டியைக் கிளப்பி வெறும் பக்கெட்டை உயர்த்திப் பார்த்தார். அது அசையாமல் நின்றது. "நல்லாத்தானே கீது," என்றார். அண்ணி டிரைவரிடம் மண்ணை நிரப்பி உயர்த்தச் சொன்னார். மதில் சுவரில் பக்கெட்டின் விளிம்புக்கு நேராக ஒரு கோடு கிழித்தார். மெக்கானிக் பீடி பிடித்து முடிப்பதற்குள் பக்கெட் கோட்டைவிட்டுக் கீழே வந்திருந்தது. அவர் பீடியைக் காலால் தேய்த்து அணைத்துவிட்டு, "வெயிட்டு ஏறினாத்தான் வேலய காட்டுது," என்று மரியாதையோடு சொன்னார்.

அதன் அமைப்பை அன்றுதான் நான் புரிந்துகொண்டேன். இரும்புக் கைகள் ஒவ்வொன்றையும் ஒரு சிலிண்டர் தாங்குகிறது. அதற்குள் எண்ணெய் பாயும்போது பளபளப்பான ராடு வெளியே நீள்கிறது, கை உயர்கிறது. எண்ணெயின் வழியைத் திறப்பதும் மூடுவதும் லீவருக்கு அடியில் உள்ள வால்வு. லீவர் நடுவில் இருந்தால் வழி மூடிக்கிடக்கும். உள்ளே போன எண்ணெய் அங்கேயே சிறைப்பட்டு, மண்ணைத் தாங்கி நிற்கும். பக்கெட் இறங்குகிறது என்றால் எண்ணெய் எங்கோ நழுவுகிறது என்று பொருள். தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஆகவே நழுவல் உள்ளுக்குள்.

சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னார், மாற்றினார். பக்கெட் இறங்கியது. சீல் மட்டமான சரக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு, நல்லதாக வாங்கி இன்னொரு தபா மாற்றினார். மறுபடியும் இறங்கியது. நானாக இருந்திருந்தால் அந்த இடத்தில் நம்பிக்கையையோ பொறுமையையோ இழந்திருப்பேன். அண்ணி தம் சாக்பீஸ் கோடுகளோடு இருந்தார். காலையில் ஒரு கோடு, மதிய வேலை முடிந்ததும் ஒரு கோடு. சில நாள்களில் மதில் சுவர் ஏணிபோலாகிவிட்டது. ஒரு மாலையில் அதன் முன்னால் என்னை நிறுத்தினார்.

"காலையில வண்டி எடுத்ததும் மெதுவா எறங்குது. மத்தியானம் ஓடி ஓடி சூடானதும் வெரசா எறங்குது. ஏன் சொல்லு?"

நான் யோசித்தேன். "எண்ணெய் சூடானால் இளகும் அண்ணி."

"அதான். எங்கியோ ஒரு முடி அகலத்துக்கு சந்து கீது. கெட்டியா இருக்கறப்போ தயங்கித் தயங்கிப் போவுது. எளகினா ஓடிடுது. புது சீல் போட்டும் அதே கதைன்னா, அந்த சந்து சீல்ல இல்ல. வேற எடத்துல."

மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ வால்வுக்கா. ஆனா வால்வ பிரிச்சிட்டு அதுவும் இல்லன்னா உங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"பிரிக்காமலே யாரு குத்தவாளின்னு பாக்க வழி கீதா?"

வழி இருந்தது. அவருக்கும் அது தெரியும். செய்வதற்குச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். சிலிண்டரில் இரண்டு வாய்கள் உண்டு. சுமையைத் தாங்கும் கீழ் வாயை வால்விலிருந்து கழற்றி இறுக்கமாக மூடிவிட்டு, மேல் வாயைத் திறந்து வைக்க வேண்டும். சீல் கெட்டிருந்தால் கீழே அழுந்தும் எண்ணெய் அதைத் தாண்டி மேல் வாயில் வந்து கொட்டும். கொட்டவில்லை, பக்கெட்டும் இறங்கவில்லை என்றால் சிலிண்டர் குற்றமற்றது. வால்வுதான் பொய் சொல்கிறது.

கீழ் வாய்களை மூடத் திருகு மூடிகள் வேண்டும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய இரும்புக் குவியல்களுக்கு நடுவே அண்ணியும் நானும் வெயிலில் குந்தி உட்கார்ந்து தேடினோம். தையல் மிஷின் சக்கரங்கள், பூட்டில்லாத சாவிகள், எதற்கென்றே தெரியாத பற்சக்கரங்கள். அண்ணி ஒவ்வொரு மூடியையும் தாம் கொண்டுவந்த ஹோஸ் முனையில் திருகிப் பார்த்தார். கடைக்காரருக்குப் பொறுமை போனது.

"இன்னாம்மா, வளையலா வாங்கறே? போட்டுப் போட்டுப் பாக்கற!"

"வளையலு லூசா இருந்தா கையோட போவும். இது லூசா இருந்தா உயிரு போவும், குட்றா," என்றார் அண்ணி. கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்.

ரயிலில் திரும்பும்போது, "இன்னிக்கி வண்டிக்குப் பொட்டு வெக்கல," என்று அண்ணி வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் அது தவறாத வழக்கம். காலையில் டிரைவர் கைகளை முழுவதும் உயர்த்தி நிறுத்துவார். வெளியே நீண்ட இரண்டு ராடுகளும் வெள்ளிக் குத்துவிளக்குகள்போல மின்னும். வண்டி முழுவதும் புழுதியும் துருவுமாக இருந்தாலும் அந்த இடம் மட்டும் கண்ணாடி. அண்ணி ஸ்டூல் மேல் ஏறி அதைத் துடைத்து, சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம் வைப்பார். அவருடைய நெற்றியில் திருநீறு மட்டும்தான் இருக்கும். கைகள் இறங்கும்போது ராடு சிலிண்டருக்குள் போகும். மறுபடி உயரும்போது பொட்டு இருக்காது. "சாமி எடுத்துகிச்சி," என்பார். மற்றவர்களும் கும்பிட்டுக்கொள்வார்கள்.

சனிக்கிழமை சோதனை. மண் நிரப்பிய பக்கெட்டை உயர்த்தி, அதன் கைகளுக்கு அடியில் ரயில்வே கட்டைகளை அடுக்கித் தாங்கவைத்த பிறகே மெக்கானிக் ஹோஸ்களைத் தொட்டார். கீழ் வாய்களை மூடினார். "யக்கா, ஏதாவது கிண்ணம் குடுங்க," என்றார். நான் உள்ளேயிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்தேன். அவை திறந்திருந்த மேல் வாய்களின் அடியில், கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டன. அடியிலிருந்த கட்டைகளை ஜாக்கியின் உதவியால் தளர்த்தி, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தாழ்த்தி அடுக்கினார்கள். பக்கெட் லேசாக அமர்ந்தது. நின்றது. அண்ணி கோடு கிழித்தார்.

நாங்கள் எல்லோரும் சுவர் நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். ஒரு பொருள் அசையாமல் இருப்பதை அவ்வளவு ஆவலோடு நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. டிரைவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவருடைய வேலையும் அந்த டம்ளர்களில்தான் தொங்கியது. டீ வந்தது, குடித்தோம். கோடு அங்கேயே இருந்தது. பக்கெட்டும் அங்கேயே இருந்தது. மெக்கானிக் போய் டம்ளர்களை எட்டிப் பார்த்து, கவிழ்த்துக் காட்டினார். கழற்றும்போது சிந்திய துளி, அடியில் ஒரு பொட்டுக் கடலை அளவுக்கு ஒட்டியிருந்தது, அவ்வளவே.

"சிலிண்டரு யோக்கியன்க்கா. இவன்மேல ரெண்டு தபா அபாண்டமா பழி போட்டேன்."

முட்டுகளை மீண்டும் ஏற்றி, பக்கெட்டைப் பத்திரமாக இறக்கிய பிறகு வால்வைப் பிரித்தார். அதன் துளைக்குள் ஓடுகிற இரும்புத் தண்டு விரல் பருமன். எண்ணெய் சொட்டச் சொட்ட அதை வெளிச்சத்தில் பிடித்தார். நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடின. அடியில் பொடிபோல ஏதோ படிந்திருந்தது, லேசான சிவப்பு.

"செம்மண்ணு. இதுதான் அறுத்திருக்குது," என்றார் மெக்கானிக்.

பிரச்சினை தெரிந்துவிட்டது. வேறு வால்வு பொருத்தினால் வேலை முடிந்தது. அத்துடன் எழுந்துவிட எல்லோரும் தயாராக இருந்தோம். அண்ணி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"மண்ணு எப்படி உள்ள போச்சி? எண்ணெ ஊத்தறப்போ நான் துணி கட்டி வடிகட்டித்தான் ஊத்தறேன். ஹோஸ்ல ஓட்ட இல்ல. வெளிய இருந்து உள்ள போற எடம் வேற எது?"

மெக்கானிக் யோசித்தார். "ராடுதான். வெளிய வருது, உள்ள போவுது. அது வாயில தூசி சீல் கீது, வழிச்சித் தள்ளிடும்."

"அத்த எடு. பாக்கலாம்."

அவர் திருப்புளியால் சிலிண்டரின் வாயிலிருந்த அந்த வளையத்தை நெம்பினார். அதன் உள்விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ இறுகி, காய்ந்த அரக்குபோல வளையமாகப் படிந்திருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார். உடனே அண்ணியைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தார்.

அண்ணி அதை வாங்கி, நகத்தால் சுரண்டி, விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். நெருநெருவென்றது.

"இது மண்ணு இல்லப்பா. சந்தனம். குங்குமம். நான் வெச்சது."

வளையத்தை மெக்கானிக்கின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"சீல் மாத்தறப்போ நீ இத்தப் பாக்கலியா?"

"பாத்தேங்க்கா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "தொடச்சி, கண்ணுல ஒத்திகினுதான் வேலைய ஆரம்பிச்சேன். சாமி சமாச்சாரம். அதப் போயி கொற சொல்ல முடியுமா?"

அண்ணி அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திடீரென்று சிரித்தார். "சாமி எடுத்துகிச்சின்னு சொல்லிகினு இருந்தேனே. எடுத்துகினு போய் வால்வுல இல்ல வெச்சிருக்குது!" சிரிப்பு முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வையாகவும் இருக்கலாம்.

நான் நிறையப் புத்தகங்கள் படித்தவள். நியாயத்தைப் பற்றியும் உண்மையைப் பற்றியும் வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியவள். ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போகிறவர், அது தம் வாசலிலேயே வந்து நின்ற பிறகும் கதவைத் திறப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். செம்மண் என்று மெக்கானிக் சொன்ன இடத்திலேயே அண்ணி நின்றிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரத்தில் வேறு வால்வு வந்தது. பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, குழாய்களைக் கழுவி, தூசி வளையங்களைப் புதிதாக மாற்றினார்கள். ஆயுத பூஜையன்று டிராக்டர் குளித்து, வாழைக்கன்றுகளோடு மனையில் நின்றது. பெரிய அண்ணன் குடும்பத்தோடு வந்தார். மண் நிரப்பிய பக்கெட்டை உயர்த்தச் சொல்லி, சாக்பீஸைத் தாமே வாங்கிக் கோடு கிழித்தார். பிறகு நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பொரியும் சுண்டலும் வந்தன. நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவி வந்து மதிலருகே குனிந்து பார்த்தார். விளிம்பு கோட்டிலேயே இருந்தது.

"ஜோரா நிக்குதே," என்றார். பிறகு டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "இனிமேயாவது அளவா ஏத்து. உன்னாலதான் இவ்ளோ பேஜாரு."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். வண்டி தப்பிவிட்டது, அந்த ஒரு சொல்லைப் பொறுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அவரால இல்லண்ணா," என்றார் அண்ணி. "என்னாலதான்."

எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமைகளையும் ராடையும் வளையத்தையும் கீறல்களையும் விடவில்லை. அண்ணனின் மனைவி கையில் குங்குமத் தட்டோடு அப்படியே நின்றார். அண்ணன் அண்ணியின் நெற்றியைப் பார்த்தார். சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டார்.

"நீ சொல்லலன்னா எனுக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"தெரிஞ்சிருக்காது. ஆனா பழி அவரு மேலயே நின்னிருக்கும். இப்போ சொல்லுங்க, வண்டிய விக்கணும்னா வித்துடுங்க."

அண்ணன் டிரைவரிடம் திரும்பினார். "ஏம்பா, அங்க வெக்காதீங்கன்னு நீயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சாமிக்கு வெக்கறாங்கன்னு கும்புட்டுக்கினேண்ணா," என்றார் டிரைவர். அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"செங்கல்பட்டு ஆளு வந்தா குடுக்கறதா இல்லன்னு நானே சொல்லிக்கறேன்."

வழக்கமாகப் பண்டிகை நாள்களில் முதல் பொட்டை அவர் மனைவிதான் வைப்பார். அண்ணி பின்னால் நிற்பார். அன்று அண்ணன் தம் மனைவியின் கையிலிருந்த தட்டை வாங்கி அண்ணியிடம் நீட்டினார்.

"நீயே வெய்யி. எங்க வெக்கணும்னு உனுக்குத்தான் தெரியும்."

அண்ணி ஒரு கணம் தட்டைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார். டிரைவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். லீவர் சாய்ந்தது. அதுவரை அசையாமல் நின்ற பக்கெட் இறங்கி வந்து அவர் முன்னால் தரையில் அமர்ந்தது. அதன் வெளிப்பக்கத் தகட்டில், மண் உரசித் தேய்ந்த இடத்தில், அவர் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

"நாளைக்கி முதல் லோடுலயே அழிஞ்சிடுமே அண்ணி," என்றேன்.

"அழியட்டும்," என்றார். "வெள்ளிக்கெழம வரும் இல்ல?"